இரவு குளிராத ஊரின் திராட்சை

நாற்பத்தோரு பனைமரம், மரத்துக்கு இரண்டாயிரம் வீதம், எண்பத்திரண்டாயிரம் ரூபாய். இதுதான் கடன். கொடுக்க வேண்டியவர் சோணைமுத்து. வாங்க வேண்டியவள் அவருடைய கூடப்பிறந்த அக்காள் பஞ்சம்மாள். உச்சிப்புளிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு, எட்டு வருஷமாகத் தீராமல் கிடந்தது.

காசில்லாமல் கிடந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சோணைமுத்துவுக்கு மாடி வைத்த வீடு இருந்தது. பரமக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் ஓடுகிற இரண்டு சின்ன லாரி இருந்தது. அப்பன் வைத்துவிட்டுப் போனது இரண்டு ஏக்கர் மணல். மற்றதெல்லாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத அவர் கை உண்டாக்கியது. இரண்டு மாத லாரி வாடகையை எடுத்து வைத்தால் தீர்ந்துபோகிற கடன்தான். ஆனால் வாக்கு வேறு மாதிரி விழுந்துவிட்டது. அந்த வாக்குதான் மனிதரைக் கட்டிப்போட்டது.

பத்தொன்பது வயதில் ஊரைவிட்டுக் கிளம்பியவர் அவர். பம்பாய்க்கு என்று ஏறியவர், கூட வந்தவன் சொன்னான் என்று நாசிக்கில் இறங்கிவிட்டார். அங்கே திராட்சைத் தோட்டத்தில் கூடை சுமந்தார். மருந்து அடித்தார். கொடியை வெட்டிவிடுகிற கவாத்துக் கத்தரி கைக்கு வந்த பிறகு அவரை யாரும் பிடிக்க முடியவில்லை. எந்தக் கணுவில் வெட்டினால் எத்தனை கொத்து இறங்கும் என்பதைக் கொடியைத் தடவிப் பார்த்தே சொல்வார். விவசாயக் கல்லூரியில் படித்து வந்த பையன்கள் நோட்டோடு அவர் பின்னால் நடந்தார்கள். நாற்பது பேர் கவாத்துக் கூட்டத்துக்கு அவர் மேஸ்திரி. மராட்டி அவர் வாயில் தண்ணீராக ஓடியது. எழுதச் சொன்னால் மட்டும் எந்த மொழியிலும் தன் பேரோடு நிறுத்திக்கொள்வார்.

இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு தோட்டத்து முதலாளி தின்கிற திராட்சையை விட்டுவிட்டு ஒயின் திராட்சைக்கு மாறினார். பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள் வந்தன. பிரான்ஸிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கொடி வரிசையில் சோணைமுத்து வெட்டியிருந்த வெட்டைப் பார்த்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு அந்த வெள்ளைக்காரர் பேசியதை மேலாளர் மராட்டியில் சொல்லச் சொல்ல சோணைமுத்து கேட்டார்.

"எங்கள் ஊரில் வெயிலுக்குத் தவம் கிடக்கிறோம். செப்டம்பரில் இன்னும் பத்து நாள் வெயில் நின்றால் போதும், அந்த வருஷ ஒயினைப் பிள்ளை கல்யாணத்துக்கு எடுத்து வைப்போம். வெயில் ஏமாற்றிய வருஷம் பல் கூசும் புளிப்பு."

அவர் அதற்கு மேலும் பேசினார். இரவைப் பற்றி, மலைச் சரிவைப் பற்றி, காலைப் பனியைப் பற்றி. சோணைமுத்து அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. வெயிலோடு அவர் மனசு ராமநாதபுரத்துக்குப் போய்விட்டது. வெயிலுக்குத் தவம் கிடக்கிறார்களாமே! எங்கள் ஊரில் வெயிலைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இன்னொன்றும் அதோடு சேர்ந்துகொண்டது. அவர் குடிக்காதவர். தொட்டியடியில் நாக்கில் தொட்டுப் பார்த்ததோடு சரி. தொட்ட போதெல்லாம் புளித்தது. இத்தனை இனிப்பான பழத்திலிருந்து இப்படிப் புளிக்கிற சாமானை இறக்கிவிட்டு அதற்குப் பரிசு வேறு வாங்குகிறார்களே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். டிசம்பர், ஜனவரியில் நாசிக் குளிர் எலும்பைக் கடிக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, விரல் மரத்துப்போக, விடியற்காலையில் கொடிக்கு நடுவே நிற்பார். அந்தக் குளிரை முப்பத்தேழு வருஷம் சபித்தார். குளிர்தான் பழத்தைப் புளிக்க வைக்கிறது, வெயில் கிடைத்தால் இந்தக் குறை தீர்ந்துபோகும் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். காரணம் சரி. அதைக் குறை என்று நினைத்ததுதான் பிசகு.

முதலாளிக்குப் பரிசு கிடைத்தது. பேப்பரில் படம் வந்தது. முதலாளி, முதலாளி மகன், வெள்ளைக்காரர். படம் எடுக்கும் நேரத்தில் சோணைமுத்துவைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். வேலையை விட்டு வரும்போது ஒரு சால்வையும் ஆறு பாட்டிலும் கொடுத்தார்கள். சால்வையை ரயிலிலேயே ஒரு கிழவருக்குக் கொடுத்துவிட்டார். "பாட்டில்ல அவன் பேரு. கொடியில எம்பேரு. எங்கூர்ல என் மண்ணுல வச்சுக் காட்டுறேன்டா" என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

காட்டுவதற்கு இருந்த மண் அந்த இரண்டு ஏக்கர்தான். அதில் நாற்பத்தோரு பனை நின்றது. மண் இவருடையது, மரம் இவருடையதல்ல. அவர்கள் குடும்பத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது நகையோடு பனையும் கொடுப்பார்கள். நிலம் மகனுக்குப் போகும், அதன்மேல் நிற்கிற மரம் மகளுக்குப் போகும். பத்திரம் கிடையாது, பந்தியில் நாலு பேர் கேட்கச் சொல்வதோடு சரி. அப்படிப் பஞ்சம்மாளுக்கு வந்த மரங்கள் அவை. புருஷன் செத்த பிறகு அந்த மரங்கள்தான் அவளுக்குச் சோறு போட்டன. பதநீர்க் காலத்துக்கு மரமேறிக்குக் குத்தகைக்கு விடுவாள். நுங்கு வரும், ஓலை வரும். ஒவ்வொரு மரத்துக்கும் பேர் வைத்திருந்தாள்.

2017 ஆனி மாசம். புருஷனுக்குத் திதி கொடுக்க பஞ்சம்மாள் ராமேசுவரம் போயிருந்தாள். அன்று காலை சோணைமுத்து மரம் வெட்டுகிற ஆட்களை இறக்கினார். கேட்டால் மாட்டேன் என்பாள் என்று தெரியும். சாயங்காலம் ஈரப் புடவைப் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தவள், நாற்பத்தோரு அடிக்கட்டையைப் பார்த்தாள். செங்கல் சூளை லாரியில் கடைசித் தடிகள் ஏறிக்கொண்டிருந்தன.

ஊரே கூடிவிட்டது. சோணைமுத்து தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"சூளைக்காரன் மரத்துக்கு நானூறுதான் குடுக்குறான். நான் எங்க அக்காளுக்கு ரெண்டாயிரம் தாரேன். லாரிக் காசு இல்ல, இந்த மண்ணுல வெளையப்போற ஒயின் காசு! நாசிக்காரன் வந்து தராசு போட்டு எடுத்துட்டுப் போவான். அதுல மொத நோட்டு எங்க அக்கா கையில."

பஞ்சம்மாள் அழவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"ஏலே சோணை. மரம் வருஷா வருஷம் குடுத்துச்சு. நீ ஒரு தடவ குடுப்ப. சரி, குடு. ஆனா நீ வாயால சொன்ன அந்தக் காசுதான் எனக்கு வேணும். வேற காச எடுத்துக்கிட்டு வாசப்படி ஏறாத."

"ரெண்டே வருசம் அக்கா."

"பாப்போம்டா."

அன்றிலிருந்து அவள் தம்பி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சொட்டுநீர்க் குழாய் போட்டவர் உச்சிப்புளியில் கடை வைத்திருந்த ஹாஜா முகைதீன். சவுதியில் பதினெட்டு வருஷம் குழாய் வேலை பார்த்துவிட்டு வந்தவர். வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, ஹராமான சரக்குக்கு நான் குழா போட்டேன்னு பள்ளிவாசல்ல கேட்டா என்ன சொல்றது?"

"தண்ணிக்குப் போட்டேன்னு சொல்லு பாய். அது பொய்யில்லையே."

"அதுவும் சரிதான். தண்ணி கொடியில ஏறுனதுக்கப்பறம் அது உங்க பாடு, அல்லா பாடு."

அந்த மணலில் ஊற்று நல்ல தண்ணீர். கொடி சரசரவென்று பந்தல் ஏறியது. பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கம்பம் பக்கம் போய்க் கேட்டுவிட்டு வரலாமே, அங்கேயும் திராட்சைதானே என்று ஹாஜா சொன்னதற்கு, "எனக்குக் கத்துக்குடுக்க இன்னொருத்தன் பொறந்து வரணும்" என்றார் சோணைமுத்து.

நாசிக்கில் அக்டோபரில் கவாத்து. இங்கேயும் அக்டோபரில் வெட்டினார். பூ எடுக்கிற நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நாசிக்கில் மழை முடிந்த பிறகு பூக்கும். இங்கே மழை அப்போதுதான் தொடங்கும். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூசணம் பூத்து, பிஞ்சுக் கொத்துகள் கருகித் தொங்கின. சரி என்று கவாத்தைத் தை மாசத்துக்குத் தள்ளினார். காய் சித்திரை, வைகாசியில் பழுத்தது. அந்த வருஷம் கொரோனாவில் சாலை அடைபட்டுக் கிடந்தது. அடுத்த வருஷமும் அதே மே மாசத்தில் அடைத்தார்கள். பழத்தை ஆடு தின்றது. "தொழில்ல குத்தமில்ல, காலத்துல குத்தம்" என்று சொல்லிக்கொள்ள அது வசதியாக இருந்தது. பஞ்சம்மாள் நூறு நாள் வேலைக்குப் போய் வெயிலில் மண் சுமந்தாள். லாரி அவள் பக்கத்தில் போகும்போது சோணைமுத்து வேறு பக்கம் பார்ப்பார்.

2022 மே மாசம் பழைய முதலாளி ஒருவழியாக ஆள் அனுப்பினார். முப்பது வயதுக்குள்ளே இருக்கும் ஒரு பெண். ருசி பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. ரயிலைவிட்டு இறங்கி, தொப்பி போட்டுக்கொண்டு, கொடி வரிசைக்குள் நடந்தாள். சோணைமுத்து அவளுக்கு முன்னால் ராஜாவைப் போல நடந்தார். கொத்துகள் கறுப்பாக, நெருக்கமாக, எண்ணெய் தடவின மாதிரி மின்னின. அவள் ஒரு பழத்தை நசுக்கி, சர்க்கரை அளக்கிற சின்னக் கண்ணாடிக் கருவியில் விட்டுப் பார்த்தாள்.

"காகா, சர்க்கரை எக்கச்சக்கம்," என்றாள் மராட்டியில். அங்கே சித்தப்பாவைக் காகா என்பார்கள்.

சோணைமுத்து வேலியோரம் நின்ற ஊர்க்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். "சொன்னேன்ல?"

அவள் பத்துப் பழத்தை வாயில் போட்டு மெதுவாக மென்றாள். துப்பினாள். பையிலிருந்து புளிப்பு பார்க்கிற காகிதத்தை எடுத்துச் சாற்றில் நனைத்தாள். அன்று ராத்திரி தோட்டத்திலேயே தங்குகிறேன் என்றாள். கயிற்றுக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். விடியற்காலை நாலரைக்குச் சோணைமுத்து காப்பியோடு போனபோது அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சூடு பார்க்கிற கருவி.

"இருபத்தொன்பது டிகிரி, காகா. இந்த நேரத்துல."

"எங்கூரு அப்படித்தான். வைகாசி."

"நாசிக்ல அறுவடைக்கு முன்னால இந்த நேரத்துல எப்படி இருக்கும்?"

"அதையேன் கேக்குற? கை வெறச்சுக் கத்தரி நழுவும்."

அவள் கருவியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"காகா, பகல் வெயில் பழத்துக்குள்ள இனிப்பை ஏத்துது. அந்தப் பழத்துல இருக்கிற புளிப்பைக் காப்பாத்துறது ராத்திரிக் குளிர். ராத்திரியும் வெக்கையா இருந்தா கொடி மூச்சு விட்டு விட்டு அந்தப் புளிப்பை எரிச்சுத் தீர்த்துடும். புளிப்புத்தான் ஒயினுக்கு முதுகெலும்பு. இது எழுந்து நிக்காது. பாகு மாதிரி இனிக்கும், சீக்கிரமே நிறம் செத்துக் கெட்டுப்போகும்."

"வெயில் நாட்டுல எங்கயும் ஒயின் போடுறதில்லையா? என்ன பேச்சுப் பேசுற?"

"போடுறாங்க. பாலைவனத்துக்குப் பக்கத்துலகூடப் போடுறாங்க. ஆனா மலைமேல ஏறிப் போடுறாங்க, ராத்திரியில குளிரும். இல்லன்னா குளிர்ந்த கடலோரமாப் போடுறாங்க, காலையில பனிமூட்டம் வந்து கொடியை நனைக்கும். உங்க கடல் ஆழமில்லாத கடல், சூடான கடல். பகல் முழுக்கக் குடிச்ச வெயிலை ராத்திரி முழுக்கத் திருப்பிக் குடுக்குது." கருவியைப் பைக்குள் வைத்தாள். "உங்க கவாத்துல ஒரு குறையும் இல்ல. இவ்வளவு சுத்தமான வெட்டு நான் பார்த்ததில்ல. ஆனா இந்த ஊருக்கு ராத்திரி இல்ல, காகா."

சோணைமுத்து காப்பி டம்ளரை மணலில் கவிழ்த்துவிட்டு எழுந்தார். முப்பத்தேழு வருஷம் கம்பளிக்குள் சுருண்டு கிடந்து யாரைச் சபித்தாரோ, அந்தக் குளிர்தான் பாட்டிலுக்குள் போய்ப் பரிசு வாங்கியது. அந்தப் படத்தில் அவருக்கு மட்டுமா இடமில்லை? இத்தனை வருஷம் அவர் கூடவே நின்ற அந்த விடியற்காலைக் குளிருக்கும்தான் இடமில்லை. ஆனால் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊரில் சொன்னது வேறு.

"சின்னப் புள்ள. அனுபவம் பத்தாது. இன்னொருத்தர அனுப்பச் சொல்லியிருக்கேன்."

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பச்சை வலை வாங்கிப் பந்தலுக்குமேல் கூடாரம் போட்டார். ராத்திரியில் கொடிக்குமேல் தண்ணீரைப் பீய்ச்சினார். பழுக்குமுன் பறித்தால் புளிப்பு நிற்குமே என்று காயாகவே பறித்துப் பார்த்தார். புளிப்பு நின்றது, பச்சை வாடை அடித்தது. ஐஸ் பெட்டியில் வைத்து நாசிக்குக்கு அனுப்பினார். போன வருஷம் முதலாளியின் மகனே போனில் வந்தான். "சோணா காகா, வேண்டாம். ஜூஸ்காரனுக்குக் குடுத்துடுங்க" என்றான். நடக்கப் பழகிய வயதில் இவர் விரலைப் பிடித்துக் கொடிக்கு நடுவே நடந்த பையன் அவன்.

அந்த வாரம் லாரி வாடகைக் காசை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனார். பஞ்சம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காசு?"

"காசு காசுதான் அக்கா. வாங்கிக்க."

"என்ன காசுன்னு கேட்டேன்."

"...வாடக."

"எடுத்துட்டுப் போ. ஊரு முன்னாடி வெட்டுன, ஊரு முன்னாடி சொன்ன. நான் செத்தா பாடையில ஒட்டி விடு, அப்ப கேக்க மாட்டேன்."

முறத்தைத் தட்டியதில் தவிடு அவர் சட்டையில் விழுந்தது. அவளுக்கு அப்போது எழுபத்து மூன்று வயது. பனை வைத்தால் பாளை விடப் பதினைந்து வருஷம் ஆகும். அந்தக் கணக்கு இரண்டு பேருக்குமே தெரியும்.

இந்த வைகாசியில் சோணைமுத்து பழத்தைப் பறிக்கவே இல்லை. வலையையும் கழற்றிவிட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டார். பழம் கொடியிலேயே சுருங்கத் தொடங்கியது. குழாய்க் கணக்குப் பார்க்க வந்த ஹாஜா முகைதீன் ஒரு கொத்தைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார்.

"அண்ணே, இது பாதி வத்தலாயிருச்சே."

"உனக்குக் கேலியா இருக்கு."

"கேலி இல்லண்ணே. நம்ம ஊரு வெயில் எதுக்கு லாயக்கு? மொளகாய வத்தலாக்குது, மீனக் கருவாடாக்குது. உங்க பழத்தயும் அதுக்குப் பழக்கமான வேலயத்தானே செய்யுது? ராம்நாட்டுல என் மச்சான் நாட்டு மருந்துக் கடை வச்சிருக்காரு. கொட்ட உள்ள கறுப்பு திராட்ச, ரத்தம் ஊறும்னு கேட்டுக் கேட்டு வாங்குறாங்க. கிலோ நூத்தி இருவது தருவாரு."

"ஒயின் பழத்தக் கொண்டுபோய் மருந்துக் கடையில போடச் சொல்றியா?"

"ஆடு தின்னா மட்டும் கௌரவமா?"

சோணைமுத்து இரண்டு நாள் ஹாஜாவோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முண்டு மிளகாய் காயப்போடுகிற களத்தை வாடகைக்குப் பிடித்தார். முதல் ஈடு காய்ந்ததை ஒன்று எடுத்து வாயில் போட்டவருக்கு நாக்கு எரிந்தது. களத்தில் பழைய மிளகாய்த் தூள் இருந்திருக்கிறது. அதைக் கழித்துப் போட்டுவிட்டு, களத்தை மூன்று தடவை கழுவி, தார்ப்பாய் விரித்து மறுபடி போட்டார். நாற்பது பேரை மேய்த்த மேஸ்திரி, ஒற்றை ஆளாகக் குத்தவைத்து உட்கார்ந்து, பன்னிரண்டு நாள் பழத்தைப் புரட்டினார். வழியில் போனவன் ஒருவன் "பெரியப்பா, ஒயின் காயுதா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

எழுநூறு கிலோ தேறியது. எண்பத்து நாலாயிரம். ஹாஜா மச்சானிடமிருந்து வாங்கி ஐந்நூறு ரூபாய்த் தாளாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று மதியம் சோணைமுத்து அக்காள் வாசலில் போய் நின்றார். வெயில் உச்சியில் இருந்தது. பஞ்சம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்ன காசு?"

சோணைமுத்து இடுப்பிலிருந்து தாள் கட்டை எடுத்தார்.

"தோட்டத்துக் காசு."

"ஒயின் காசா?"

"இல்ல."

"பெறகு?"

"வத்தல் காசு. பழத்தக் காயப் போட்டு வித்தேன். மருந்துக் கடைக்கு. இந்த ஊருல ஒயின் வெளையாது அக்கா. அது குளிரு ஊருச் சரக்கு. எனக்குத் தெரியல. முப்பத்தேழு வருசம் அதுக்குள்ளயே நின்னும் எனக்குத் தெரியல."

பஞ்சம்மாள் கனகலட்சுமியைப் பார்த்தாள். கேட்டாயா என்று கேட்பது போல. பிறகு வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தாள்.

"தெரியாதவன் மரத்த ஏண்டா வெட்டுன?"

சோணைமுத்து தாள் கட்டை அவளிடம் நீட்டினார்.

"கட்டாக் குடுக்காத. எண்ணிக் குடு. ஒரு மரத்துக்கு நாலு தாளு."

வலது கையை நீட்டினாள். மண் சுமந்து காய்த்துப்போன உள்ளங்கை. சோணைமுத்து குனிந்து நாலு தாள் வைத்தார்.

"கெணத்தடிப் பன," என்றாள் அவள். தாளை மடியில் போட்டுக்கொண்டு மறுபடி கையை விரித்தாள்.

நாலு.

"இடி விழுந்த பன."

நாலு.

"ரெட்டப் பனையில கெழக்க நின்னது."

நாலு.

"மேக்க நின்னது."

வெயில் அவர் பிடரியில் இறங்கியது. அவள் ஒரு மரத்தையும் விடவில்லை. எந்தப் பேரிலும் தடுமாறவில்லை. நாற்பதாவது மரம் ஆண்பனை. காய்க்காதது, ஆனாலும் பாளை கொடுத்தது என்றாள். கடைசி நாலு தாள் அவர் கையில் நின்றது.

"இது எது?" என்று அவரே கேட்டார்.

"வேலியோரத்துச் சாஞ்ச பன. நீ சின்னதுல ஏறி விழுந்தியே, அது."

விரித்த உள்ளங்கையில் சோணைமுத்து ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.